எங்க கொல்லைக்கு வந்த கொழும்புக் குரல்

மாங்காய் அறுப்பு முடிஞ்சு, கேழ்வரகுக்குக் களை எடுத்து, இப்பதான் ரெண்டு வாரமா கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. தென்னையில வர்ற வெள்ளை ஈயைப் பத்தி எழுதறேன்னு போன பதிவுல சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரம் எழுதறேன். இன்னைக்கு செப்டம்பர் 3. வருஷா வருஷம் இந்தத் தேதியில ஒரு ஆள் என் மனசுல வந்து உட்கார்ந்துக்கிறார். இந்த வருஷமாவது அவரைப் பத்தி எழுதிடணும்.

அவர் எங்க சொந்தக்காரர் இல்லை. நம்ம ஊர்க்காரரும் இல்லை. நான் அவரை ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்லை. பேர் கே.எஸ்.ராஜா. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர். 1989-ஆம் வருஷம் இதே செப்டம்பர் 3-ம் தேதி கொழும்புல கொல்லப்பட்டார். ஐம்பது வயசு தாண்டினவங்களுக்கு அந்தப் பேரைப் படிச்ச உடனே காதுல ஒரு குரல் கேட்டிருக்கும். மத்தவங்களுக்காகக் கொஞ்சம் பின்னாடியிருந்து சொல்றேன்.

எங்க வீட்டுக்கு ரேடியோ வந்தது 1970-கள்ல. ஒரு வருஷம் கடலை நல்லா விளைஞ்சுது. அப்பா அந்தக் காசுல ஒரு மர்பி டிரான்சிஸ்டர் வாங்கிட்டு வந்தார். தோல் உறை போட்டது. ரேடியோ வெச்சிருந்தா அப்ப தபால் ஆபீசுல வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டணும். சின்னப் புத்தகம் ஒண்ணு இருக்கும், அதுல ஸ்டாம்ப் ஒட்டித் தருவாங்க. எங்க அம்மா அந்தப் புத்தகத்தை நிலப் பட்டாவோட சேர்த்து டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தாங்க.

அப்பா ரேடியோ வாங்கினது பாட்டுக்காக இல்லை. திருச்சி வானொலியில விவசாய நிகழ்ச்சி கேக்கணும், மழைச் செய்தி கேக்கணும், அவ்வளவுதான். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. 1960-கள் கடைசியில தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லுக்கு ஜனங்க 'ரேடியோ நெல்'லுன்னே பேர் வெச்சிருந்தாங்க. அந்த ரகத்தைப் பத்தியும், அதுக்கு என்ன உரம், எப்ப போடணும்கறதையும் ரேடியோவுல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. ரேடியோ சொன்னா சரியா இருக்கும்னு விவசாயி நம்பின காலம் அது.

பாட்டு எங்க பெரியண்ணன் கணக்கு. அப்பா தூங்கினதும் முள்ளைத் திருப்பிடுவார். நம்ம ஊர்ல எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு பாஷை வரும். பெங்களூரு ஸ்டேஷன் கன்னடத்துல கணீர்னு பேசும். கொஞ்சம் தள்ளினா தெலுங்கு. இதையெல்லாம் தாண்டி, கடல் இரைச்சல் மாதிரி ஒரு இரைச்சலுக்கு நடுவுல இலங்கை வரும். மேல வந்து, அமுங்கி, மறுபடி மேல வரும். அண்ணன் பெட்டியை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, கடைசியில தானியக் குதிர் மேல ஒரு மூலை பார்த்து வெச்சாதான் நிக்கும். அந்த மூலைக்கு எங்க வீட்டுல 'கொழும்பு மூலை'ன்னே பேர்.

கொழும்புல இருந்து நம்ம கிருஷ்ணகிரி வானத்து வழியா ஏறக்குறைய 650 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துல இருந்து ராத்திரி மட்டும் எப்படிப் பாட்டு தெளிவா வந்துதுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. பகல்ல வெயிலால வானத்துல உண்டாகற ஒரு படலம் மத்திய அலையை விழுங்கிடும். பொழுது சாய்ஞ்சா அந்தப் படலம் கலைஞ்சுடும். அதுக்கும் மேல இருக்கிற படலத்துல அலை பட்டு, பந்து சுவத்துல பட்டுத் திரும்பற மாதிரி தூரத்துல வந்து விழும். அதனாலதான் அந்தக் குரலுக்கும் ராத்திரிக்கும் எனக்கு இன்னைக்கும் ஒரு பந்தம் இருக்கு. மாந்தோப்புக் காவல், நைட் கரண்டுல தண்ணி பாய்ச்சறது, பம்ப்செட் ரூம் வாசல்ல கயித்துக் கட்டில், தலைமாட்டுல ரேடியோ.

நம்ம நாட்டு ரேடியோ இருக்கும்போது ஜனங்க ஏன் இலங்கைக்குத் திருப்பினாங்க? இதுக்கு ஒரு சரித்திரம் இருக்கு.

1952-ல பி.வி.கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்தார். பத்து வருஷம் இருந்தார். அவருக்கு சினிமாப் பாட்டுன்னா இளக்காரம். ஜனங்களோட ரசனையை அது கெடுக்குது, சாஸ்திரீய சங்கீதம்தான் வளரணும்னு நினைச்சார். ஆல் இந்தியா ரேடியோவுல சினிமாப் பாட்டைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. சினிமாக்காரங்களோடயும் தகராறு வந்து, கொஞ்ச காலம் சினிமாப் பாட்டே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. அதுக்கும் முன்னாடி 1940-லேயே ஆர்மோனியப் பெட்டியை ரேடியோவுல வாசிக்கக் கூடாதுன்னு தடை போட்டிருந்தாங்க. நம்ம ஊர் தெருக்கூத்து ஆர்மோனியம் இல்லாம நடக்குமா? கூத்துக்காரங்க கையில இருந்த பெட்டி ரேடியோக்காரங்களுக்கு ஆகாததா இருந்துது. எது நல்ல பாட்டுன்னு டில்லியில உட்கார்ந்து முடிவு பண்ணினாங்க.

அந்தச் சமயம் பார்த்து கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்துச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வெள்ளைக்காரன் தன் படைகளுக்காக கொழும்புல ஒரு வானொலி நடத்தினான். அதுக்காக ஏகலைங்கற இடத்துல 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் வெச்சாங்க. 1949-ல அதெல்லாம் இலங்கை அரசாங்கத்துக்கு வந்துச்சு. 1950-ல வர்த்தக சேவை ஆரம்பிச்சாங்க. விளம்பரம் வாங்கி, ஜனங்க கேக்கற பாட்டைப் போடறது. இந்தியில 1952 டிசம்பர்ல அமீன் சயானியோட பினாகா கீத்மாலா வந்து வடநாட்டையே கட்டிப்போட்டுச்சு. தமிழ்ல எஸ்.பி.மயில்வாகனம் மாதிரி ஆட்கள் வழி போட்டாங்க. டில்லிக்காரங்க சுதாரிச்சு விவித் பாரதி ஆரம்பிச்சது 1957 அக்டோபர் 3-ம் தேதி. அதுக்குள்ள தமிழ்நாட்டு வீடுகள்ல முள் இலங்கைப் பக்கம் ஒட்டிக்கிச்சு.

அந்த வழியில பின்னாடி வந்தவர்தான் கே.எஸ்.ராஜா. முழுப்பேர் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. அவர் காலத்துல பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம்னு இன்னும் பெரிய குரல்கள் அங்க இருந்துது. ஹமீது பேசினா தமிழ் வாத்தியார் பாசமாப் பாடம் சொல்ற மாதிரி இருக்கும். ராஜேஸ்வரி அம்மா பேசினா வீட்டுப் பெரியக்கா பேசற மாதிரி. ராஜா வேற மாதிரி. வேகம். மூச்சு எங்க விடறார்னே தெரியாது. ஆனா ஒரு எழுத்து குழையாது. ழ, ள, ல மூணும் தனித்தனியா வந்து விழும். வாசல் படியில நின்னு அழைக்கற மாதிரி ஒரு உரிமை அந்தக் குரல்ல இருக்கும்.

'திரை விருந்து'ன்னு அவர் நடத்தின நிகழ்ச்சியில ஒரு வித்தை பண்ணுவார். இவர் ஒரு கேள்வி கேப்பார். அதுக்கு சினிமாவுல இருந்து ஒரு வசனம் பதிலா வரும். நடிகர் இவர்கிட்டயே நேர்ல பேசற மாதிரி இருக்கும். இவர் அதுக்கு ஒரு பதில் சொல்லுவார். உடனே பாட்டு வரும். இன்னைக்கு ஒரு சின்னப் பையன் போன்ல வெட்டி ஒட்டிடுவான். அன்னைக்கு கம்ப்யூட்டர் கிடையாது. இசைத்தட்டும் ஒலிநாடாவும்தான். முள்ளை எந்த இடத்துல வெக்கணும், எந்த நொடியில எடுக்கணும்னு கைப்பழக்கத்துல செஞ்சாங்க. நல்ல ஏர்க்காரன் கோணாம சால் ஓட்டற மாதிரி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. பாட்டைப் போடறதுக்கு முன்னாடி இலங்கை வானொலிக்காரங்க பேர் சொல்லுவாங்க. படம் எது, பாடினது யார், எழுதினது யார், இசை யார்னு. நாலையும் சொல்லாம விடமாட்டாங்க. படம் ரெண்டு நாள்ல தியேட்டரை விட்டு ஓடியிருக்கும், ஆனா பாட்டு இலங்கையில ஓடிட்டிருக்கும். வெளியே வராமலே பெட்டிக்குள்ள போன படங்களோட பாட்டைக்கூட அங்கதான் கேட்டோம். அந்தப் படம் எந்த ஊர் டென்ட் கொட்டாய்க்கும் வந்ததில்லை. பாட்டு மட்டும் எங்க பம்ப்செட்டுக்கு வந்துது. ஓடாத படத்துக்கு வேலை செஞ்ச ஒரு இசையமைப்பாளர் பேர் மத்தூர்ல மாடு மேய்க்கற பையனுக்குத் தெரிஞ்சிருந்ததுன்னா அதுக்குக் காரணம் இவங்கதான்.

சினிமாவே இல்லாத பாட்டும் அங்கிருந்துதான் வந்துது. எழுபதுகள்ல இலங்கைத் தமிழ்ப் பசங்க கிதாரை எடுத்துக்கிட்டு, போர்ச்சுக்கீசியர் காலத்துல இருந்து அங்க ஊறிக்கிடந்த பைலாத் தாளத்துல தமிழ்ல பாட ஆரம்பிச்சாங்க. அதுக்கு 'பொப் இசை'ன்னு பேர். நித்தி கனகரத்தினம், ஏ.இ.மனோகரன் எல்லாம் அப்படி வந்தவங்க. மனோகரனோட 'சுராங்கனி' பாட்டு சிங்களமும் தமிழும் கலந்தது. எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட்காரர் அதைப் போட்டப்ப பெரியவங்க, 'சாமி வர்ற நேரத்துல இது என்னடா கூத்து'ன்னு திட்டினாங்க. திட்டின பெரியவங்க காலும் தாளம் போட்டதை நான் பார்த்தேன். 1977-ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல இளையராஜா அந்த மெட்டை எடுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் அது சினிமாப் பாட்டாவும் ஆயிடுச்சு.

எங்க அண்ணனும் கூட்டாளிங்களும் நேயர் விருப்பத்துக்கு ஒரு கடிதம் போட்டாங்க. வெளிநாட்டுத் தபால்ங்கறதால ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஸ்டாம்ப் வாங்கினாங்க. பத்துப் பேர் எழுதி, கீழ 'மத்தூர், தர்மபுரி மாவட்டம்'னு ரெண்டு கோடு இழுத்தாங்க. இல்லைன்னா கர்நாடகாவுல வடைக்குப் பேர்போன மத்தூர்னு நினைச்சுக்குவாங்களாம். ஒரு மாசம் தினமும் ராத்திரி உட்கார்ந்து கேட்டோம். ஒரு நாள் நேயர்கள் பேர் வரிசையா வந்துட்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்து போச்சு. பழைய எவரெடியை வெயில்ல காய வெச்சுப் போட்டதுதான், எவ்வளவு நேரம் தாங்கும்? அன்னைக்குத்தான் நம்ம பேரைச் சொல்லியிருப்பாங்கன்னு அண்ணன் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார்.

இனி சொல்லப் போறது எனக்கே வெட்கமான விஷயம்.

1983 ஜூலையில கொழும்புல தமிழங்க வீடுகளையும் கடைகளையும் எரிச்சாங்க. பேப்பர்ல பார்த்தோம். கிருஷ்ணகிரியில கடையடைப்பு, ஊர்வலம் எல்லாம் நடந்துது. நானும் போனேன், கோஷம் போட்டேன். ஆனா ஒரு தடவைகூட, 'ராஜா என்ன ஆனார்? நமக்கு தினமும் பாட்டுப் போட்டவங்க என்ன ஆனாங்க?'ன்னு நான் கேக்கலை. அந்தக் குரலுக்கு ஒரு வீடு இருக்கும், தெரு இருக்கும், எரியற ஊர்ல அதுவும் இருக்கும்னு தோணவே இல்லை. குரல் காத்துல வந்துது, காத்துல இருக்கும்னு நினைச்சுட்டேன் போல. அடுத்த சில வருஷத்துல ஊருக்கு டிவி வந்துது. ஞாயித்துக்கிழமை ராமாயணம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். ரேடியோ மாட்டுக் கொட்டகைப் பரண் மேல ஏறிடுச்சு. நாங்க கேக்காம விட்டோம்கறதுகூட எங்களுக்கு உறைக்கலை.

1990-ல இலங்கையில மறுபடி சண்டை மூண்டு ஜனங்க படகேறி வந்தாங்க. ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு அணைக்கட்டு முகாம்ல கொண்டுவந்து குடிவெச்சாங்க. 1991 பொங்கலுக்கு எங்க வீட்டுக்கு வெள்ளை அடிக்க அங்கிருந்து ஒருத்தர் வந்தார். நாற்பது வயசு இருக்கும். சுண்ணாம்பு கலக்கும்போது ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். முடிச்சதும் படம், பாடினவர், எழுதினவர், இசைன்னு நாலையும் தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். எனக்கு சிரிப்பு வந்துருச்சு. 'அண்ணா, நீங்களும் ராஜா கேட்டவரா? இப்ப அவர் எங்க இருக்கார்?'ன்னு கேட்டேன்.

அவர் மட்டையைக் கீழ வெச்சார். 'அவரை எண்பத்தொன்பதிலேயே கொன்று போட்டாங்கள், தம்பி. உங்களுக்குத் தெரியாதோ?'

எனக்குத் தெரியலை. ஒண்ணரை வருஷமா தெரியலை. அவர் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாம சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டார். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துட்டு, 'ராத்திரி ராத்திரி பேசுமே, அந்தப் புள்ளையா?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அம்மா முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத அம்மா. வேலை பார்த்துக்கிட்டே அவங்களும் கேட்டுட்டுதான் இருந்திருக்காங்கன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அந்த 1989-ஆம் வருஷம் அந்தத் தீவுல எப்படி இருந்துதுன்னு அப்புறம் படிச்சேன். வடக்கே இந்தியப் படை. தெற்கே சிங்கள இளைஞர்களோட ஆயுதக் கிளர்ச்சி, அதை அடக்கப் போன அரசாங்கத்தோட கொலைகள். ஜூலையில வானொலியோட முன்னாள் தலைவர் தேவிஸ் குருகேயைக் கொன்னாங்க. ஜூலை 31-ம் தேதி, அதே வானொலியில சிங்கள அறிவிப்பாளரா இருந்த பாடலாசிரியர் பிரேமகீர்த்தி டி அல்விஸைக் கொன்னாங்க. அடுத்த அஞ்சு வாரத்துல ராஜா. 1990 பிப்ரவரியில ரிச்சர்ட் டி சொய்சாங்கற பத்திரிகைக்காரரைக் கடத்திக் கொன்னு கடல்ல போட்டாங்க. தமிழ்க் குரல், சிங்களக் குரல்னு பார்க்கலை. ஜனங்க யார் குரலை நம்பறாங்களோ அந்தக் குரலைக் கண்டு பயந்த காலம்.

இந்த மாதிரி ஆட்கள் மத்த நாட்டுல செத்தா எப்படி அனுப்பி வெச்சாங்கன்னு பார்த்தா மனசு இன்னும் கனமாகுது. இங்கிலாந்துல ஜான் பீல்னு ஒருத்தர். 1967-ல இருந்து பிபிசி ரேடியோ 1-ல இருந்தவர். பெரிய கம்பெனி சீந்தாத பசங்களோட பாட்டை, வேற யாரும் போடாத பாட்டைத் தேடிப் போட்டவர். பெங்களூருல வேலை பார்க்கிற என் மகன்தான் இவரைப் பத்திச் சொன்னான். 2004 அக்டோபர் 25-ம் தேதி பெரு நாட்டுல மாரடைப்புல போனார். அடுத்த வருஷம் அவர் பேருல ஒரு நாள் வெச்சு, நாடு முழுக்கக் கச்சேரி நடத்தினாங்க. அவருக்குப் பிடிச்ச பாட்டோட வரியைக் கல்லறையில செதுக்கி வெச்சிருக்காங்க. நம்ம அமீன் சயானி 2024 பிப்ரவரி 20-ம் தேதி 91 வயசுல போனார். ஓசூர்ல கம்பெனி வேலை பார்த்து ரிட்டையர் ஆன என் வடநாட்டு நண்பர் அன்னைக்கு எனக்கு போன் பண்ணி, தன் வீட்டுல சாவு விழுந்த மாதிரி அழுதார். மனோகரன் 2018 ஜனவரியில சென்னையில போனப்ப நம்ம பேப்பர்ல செய்தி வந்துது. இவங்களுக்கெல்லாம் வயசாச்சு, இல்லை நோய் வந்துது. கூடி அழறதுக்கு ஆளும் நேரமும் இருந்துது. ராஜாவுக்கு நம்ம பக்கத்துல அது நடக்கலை. கேட்டவங்க லட்சக்கணக்குல இருந்தோம். ஆளாளுக்குத் தனித்தனியா, வேற வேற வருஷத்துல, யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டோம்.

பாட்டு இப்ப எல்லார் சட்டைப் பையிலயும் இருக்கு. ராத்திரி பத்து மணிக்கு மேல மூணு பேஸ் கரண்ட் வந்தா நானும் போன்ல பாட்டைப் போட்டுட்டுதான் மடை திருப்பறேன். போனும் பாட்டைத் தேர்ந்தெடுத்துதான் கொடுக்குது. நேத்து கேட்ட மாதிரியே இன்னைக்கும் கொடுக்கும். இதை ஏன் கொடுத்தேன்னு சொல்லாது. எழுதினவர் பேர் சொல்லாது. எனக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு பயந்துக்கிட்டே, ஆனா கேட்டுப் பாருங்கன்னு ஒரு புதுப் பாட்டை ஆசையா நீட்டாது. ராஜா மாதிரி ஆட்கள் செஞ்சது அந்த வேலை. பெரிய ஊர்க்காரன், படிச்சவன், டில்லிக்காரன் முடிவு பண்ணின ரசனைக்கு வெளியே இருந்த எங்களைப் பார்த்து, 'உங்களுக்கும் காது இருக்கு'ன்னு மதிச்ச வேலை.

நேத்து ராத்திரி அண்ணன் மகன் என்னோட மோட்டார் போட வந்தான். காலேஜ் படிக்கறான். போன்ல ஒரு பழைய பாட்டு ஓடி முடிஞ்சுது. நான் என்னை அறியாம படம் பேர், பாடினவர், எழுதினவர், இசைன்னு சொன்னேன். 'யாருக்கு சித்தப்பா சொல்றீங்க?'ன்னு கேட்டான். உனக்குத்தான்டான்னு சொல்லிட்டு, அவன் அப்பன் போட்ட கடிதத்தையும் தீர்ந்து போன பேட்டரியையும் பத்திச் சொன்னேன். கேட்டுட்டு, அடுத்த பாட்டு முடிஞ்சதும், 'இது யார் எழுதினது?'ன்னு அவனாவே கேட்டான்.

எனக்குத் தெரியலை. காலையில தேடிச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

பரண் மேல இருந்த மர்பியைக் கீழ இறக்கித் துடைச்சு வெச்சிருக்கேன். பாடாது. கொழும்பு மூலையிலதான் வெச்சிருக்கேன்.